அம்பு காட்டும் பக்கம்

மார்ச் 30

அன்புத் தம்பிக்கு,

அக்கா எழுதுகிறேன். சளி, இருமல் ஒன்றும் இல்லாமல் இருக்கிறாய் என்று நானாகவே முடிவு செய்துகொண்டு ஆரம்பிக்கிறேன். உன் மலையில் டவர் கிடைக்காது. என் போனை உன் அத்தான் எடுத்து வைத்துக்கொண்டார். ஆக, நமக்குக் காகிதம்தான்.

ஊரடங்கு என்றதும் எல்லா வீட்டிலும் பாலுக்கும் மருந்துக்கும் கவலைப்பட்டார்கள். இந்த வீட்டில் ஒரே கவலை, மலைப்பாதையைப் பூட்டிவிட்டார்களே என்பதுதான். சர்வே ஆபீசிலிருந்து ரிட்டயர் ஆன நாளிலிருந்து அவருக்கு விடிந்தால் மலை, வீட்டுக்கு வந்தால் மலையைப் பற்றிய பேச்சு. நடைச் சங்கத்துக்குத் தலைவர் வேறு. நீ காவல் காக்கிற பாதையில் பாறைக்குப் பாறை இருக்கும் மஞ்சள் அம்பெல்லாம் அவர் கையால் வரைந்தவை. அந்தக் கை சும்மா இருக்குமா? வீட்டுக்குள் வரைந்துவிட்டார்.

ஹாலில் ஆரம்பித்துப் படுக்கையறை, பால்கனி, சமையலறை, திரும்ப ஹால். தரையில் அதே மஞ்சள் பெயின்ட். காலையும் மாலையும் சுற்றிச் சுற்றி நடக்கிறார். எதிரே யாரும் வரக்கூடாது என்பதால் நானும் அம்பு காட்டும் பக்கம்தான் போக வேண்டும். ஹாலில் டீயைக் கொடுத்துவிட்டுச் சமையலறைக்குத் திரும்ப ஓர் எட்டு போதும். ஆனால் அது எதிர்த்திசை. படுக்கையறை, பால்கனி எல்லாம் சுற்றிக்கொண்டு அடுப்புக்கு வருகிறேன்.

ஒருநாள் மறந்துபோய் எதிரே வந்துவிட்டேன். "கண்ணு தெரியலையா? அம்பு எதுக்குப் போட்டிருக்கு?" என்று பால்கனியில் நிறுத்திக் கதவைச் சாத்திவிட்டார். நல்ல காற்றுதான். கீழ்வீட்டு டெய்லரம்மா ஜன்னல் வழியாகப் பார்த்தாள். துணி உலர்த்துகிறவள்போல் நின்றேன். கையில் துணி இல்லை.

உன் குவார்ட்டர்ஸில் உள் அறை ஒன்று சும்மா கிடக்கிறது என்றாயே. பாதை திறக்கிற வரைக்கும் நான் வந்து இருக்கட்டுமா? சமைத்துப் போடுவேன், இருக்கிற இடம் தெரியாது.

பதிலை டெய்லரம்மா பெயருக்குப் போடு. தைத்த துணிக்கு நான் கயிற்றில் கூடை இறக்குவேன், அதில் வைத்துவிடுவாள். வாயையும் மூக்கையும் மூடிக்கொண்டு நட.

அக்கா


ஏப்ரல் 11

அருமை அக்காவுக்கு,

உன் கடிதம் ரேஷன் ஜீப்பில், உருளைக்கிழங்கு மூட்டைக்கு மேலே உட்கார்ந்து வந்து சேர்ந்தது. எனக்கு ஒரு குறையும் இல்லை. தும்மல்கூட வருவதில்லை, தும்முவதற்கும் எதிரே ஒரு ஆள் வேண்டாமா?

அத்தான் வீட்டுக்குள் அம்பு போட்டதைப் படித்து வயிறு வலிக்கச் சிரித்தேன். அத்தான் அத்தான்தான்!

இங்கே நான்தான் ராஜா. கேட்டில் ஆள் உயரச் சங்கிலி, பூட்டு. பாதை மூடப்பட்டது என்று பலகை. பலகை வைத்தால் நிற்கிற ஜனமா? இத்தனை வருஷம் மலைப் பக்கம் தலைவைத்துப் படுக்காதவன்கூட, பூட்டிய பிறகுதான் ஓடி வருகிறான். காதல் ஜோடி, சைக்கிள்காரன், சங்கத்து ஆட்கள், எல்லாரும் வேலி தாண்டுகிறார்கள். அபராதம் போடட்டுமா என்று ரேஞ்சரைக் கேட்டேன். "நமக்கு அந்த அதிகாரம் இல்லய்யா, நீயே ஏதாவது பண்ணி அனுப்பு" என்றார். பண்ணுகிறேன். ஷூவைக் கழற்றி வாங்கிக்கொள்கிறேன். மத்தியான வெயிலில், தார் ரோட்டில், வெறுங்காலோடு அவர்கள் துள்ளித் துள்ளி இறங்குவதைப் பார்க்க இரண்டு கண் போதாது. ஒரு வாத்தியார் அழுதேவிட்டார். புத்தி வரட்டுமே.

ஆகையால் நீ கேட்ட உள் அறையில் இப்போது ஷூ குடியிருக்கிறது. காலை வைக்க இடமில்லை, எல்லாம் காலில் போடுவதுதான் என்றாலும்! தவிர, வெளியாள் யாரையும் ஏற்றக்கூடாது என்று உத்தரவு. அக்கா என்று உனக்குத் திறந்தால் நாளைக்கு ஊரே வந்து நிற்கும். இந்த வேலையை எனக்கு வாங்கிக் கொடுத்ததே அத்தான். அவர் முகத்தில் எப்படி விழிப்பேன்? கொஞ்சம் கோபக்காரர், மற்றபடி தங்கமான மனுஷன். அனுசரித்துப் போ.

வெந்நீர் குடி. அத்தானுக்கு என் வணக்கம் (கடிதம் எழுதுவது தெரியாது என்றால் மனசுக்குள்).

தம்பி


ஏப்ரல் 24

அன்புத் தம்பிக்கு,

நீ சந்தோஷமாக இருக்கிறாய் என்று தெரிந்துகொண்டேன், அதுவே போதும்.

எழுத்து கோணல்மாணலாக இருந்தால் சிரிக்காதே, இடது கையால் எழுதுகிறேன். வலது கையில் சுடுஎண்ணெய் கொட்டிவிட்டது. நான் வாணலியோடு அம்பு காட்டும் பக்கம்தான் போய்க்கொண்டிருந்தேன். பின்னால் நடந்து வந்தவருக்கு வேகமாக வழிவிடவில்லை, அவ்வளவுதான். இடித்துவிட்டு நிற்காமல் போனார். சுற்று முடித்து வந்து பார்த்தார். "தரையில எண்ணெயைத் துடை, அம்பு அழியுது" என்றார்.

தம்பி, இதைச் சிரிக்க எழுதவில்லை. எனக்குப் பயமாக இருக்கிறது. முன்பெல்லாம் அவர் மலைக்குப் போயிருக்கிற நேரம் என்னுடையது. இப்போது அவர் எங்கேயும் போவதில்லை. வாசல் சாவி அவர் இடுப்பில் இருக்கிறது.

டெய்லரம்மா விசாரித்தாள். மலையில் வேலை செய்கிறவர்களின் ரத்த சொந்தம் என்றால் ரேஷன் ஜீப்பில் ஏற்றிக்கொள்வார்களாம். காவலர் ஒரு கையெழுத்துப் போட்டுக் கொடுத்தால் போதுமாம். டெய்லரம்மா மாடிக்கு வந்து பேச்சுக் கொடுப்பாள், அந்த நேரத்தில் நான் இறங்கிவிடுவேன். உன் அறையில் ஷூ இருக்கட்டும். அதன் மேலேயே படுத்துக்கொள்கிறேன்.

ஒரே ஒரு கையெழுத்து. வேறு யாரிடமும் நான் கேட்க முடியாது.

மழைக்கு முன்னால் கூரையைப் பார்த்துக்கொள்.

அக்கா


மே 8

அருமை அக்காவுக்கு,

கை ஆறியிருக்கும் என்று நினைக்கிறேன். சமையல்கட்டில் கை சுட்டுக்கொள்ளாத பெண் உண்டா? இடது கை எழுத்துதான் உன் வலது கை எழுத்தைவிட அழகாக இருக்கிறது, அப்படியே தொடரு.

கையெழுத்து போடுவது பெரிய வேலை இல்லை. ஆனால் புருஷன் பெண்டாட்டி நடுவில் நான் வந்து நின்றால் நாளைக்கு நீங்கள் இரண்டு பேரும் ஒன்றாகிவிடுவீர்கள், நான்தான் கெட்டவன். நல்ல வேளையாக அத்தானே ரேஞ்சர் ஆபீஸ் நம்பருக்குக் கூப்பிட்டு என்னிடம் பேசினார். பாதையில் புல் மண்டிவிடுமே என்று அவருக்குக் கவலை, எவ்வளவு பெரிய மனசு பார். பேச்சோடு பேச்சாக நானே சொல்லிவிட்டேன். "அக்காவுக்கு வீட்ல அடைஞ்சு கிடக்க முடியல போல அத்தான், இங்க வரணும்னு லெட்டர் போட்டிருக்கு, கொஞ்சம் பேசிப் புரிய வைங்க" என்றேன். அவர் கோபப்படவே இல்லை. "அப்படியா? எனக்குத் தெரியாதே" என்று சிரித்தார். மனசு விட்டுப் பேசினால் எல்லாம் சரியாகிவிடும்.

இப்போது உனக்கு ஒரு ரகசியம். வேலி தாண்டுகிறவர்களைத் துரத்தி என் மூட்டு தேய்ந்துவிட்டது. அதனால் அத்தானின் அம்புகளில் சிலதைத் திருப்பிவிட்டேன்! பழைய அம்பைச் சுரண்டிவிட்டு, அதே மஞ்சளில் வேறு பக்கம் காட்டி வரைந்துவிட்டேன். உச்சிக்குப் போகிறோம் என்று நினைத்து அம்பை நம்பி நடக்கிறவன் சுற்றிச் சுற்றிக் கடைசியில் என் கேட்டிலேயே வந்து முட்டுகிறான். நான் நாற்காலி போட்டு உட்கார்ந்திருக்கிறேன். "வாங்க, ஷூவைக் கழட்டுங்க" என்பேன். அவன் முகத்தைப் பார்க்கணுமே!

இதை மட்டும் அத்தானிடம் சொல்லிவிடாதே. தன் அம்பைத் தொட்டவன் கையை உடைப்பேன் என்று சங்கக் கூட்டத்தில் சொன்னவர். என் வேலை போய்விடும். சத்தியமாகச் சொல்லாதே.

உடம்பைப் பார்த்துக்கொள்.

தம்பி


ஜூன் 3

தம்பிக்கு,

பதில் எழுதத் தாமதம் ஆகிவிட்டது. நீ கவலைப்பட்டிருக்க மாட்டாய் என்று தெரியும்.

உன் அத்தான் பேசிப் புரிய வைத்தார். இப்போது இடது பக்கமாகத்தான் மெல்லுகிறேன். மெதுவாகச் சாப்பிடுவது ஜீரணத்துக்கு நல்லது என்கிறார்கள்.

லெட்டர் எப்படிப் போனது என்று கேட்டார். தெருவில் போன யாரிடமோ பால்கனியிலிருந்து போட்டுக் கொடுத்தேன் என்றேன். யார் என்று இரண்டு நாள் கேட்டார். டெய்லரம்மா பெயர் என் வாயிலிருந்து வரவில்லை. எனக்குச் சொல்லாமல் இருக்கத் தெரியும், அது உனக்கே இனிமேல் தெரியும்.

வரட்டுமா என்று இனி உன்னைக் கேட்க மாட்டேன். அந்தப் பேச்சை விடு.

அம்பைத் திருப்பிய கதை நன்றாக இருந்தது. எத்தனையோ நாளைக்குப் பிறகு சிரித்தேன், வாய் வலித்தது. எந்தெந்த அம்பு, எந்தப் பக்கம் என்றெல்லாம் விவரமாக எழுது. உச்சிக்குப் போகிற வழியை நான் ஒருநாளும் பார்த்ததில்லை. கல்யாணமான புதிதில் கேட்டேன், "உன்னைக் கூட்டிட்டுப் போனா என் வேகம் கெட்டுடும்" என்று சொல்லிவிட்டார். நீ எழுதினால் நானும் நடந்த மாதிரி இருக்கும்.

பயப்படாதே, அவரிடம் சொல்ல மாட்டேன். நீ கேட்டுக்கொண்ட எதையும் நான் மீறியதில்லை.

மழைக்கோட்டு போட்டுக்கொள்.

அக்கா


ஜூன் 15

அருமை அக்காவுக்கு,

உன் கடிதத்தைப் பார்த்துத்தான் மனசு லேசானது. பார்த்தாயா, பேசினால் தீராதது உண்டா? பல் வலிக்குக் கிராம்பு வை.

இங்கே மழை பிடித்துக்கொண்டது. மூடுபனி என்றால் என் கையை நீட்டினால் விரல் தெரியாது. வேலி தாண்டுகிறவர்கள் குறைந்துவிட்டார்கள், எனக்குத்தான் பொழுது போகவில்லை. ஆகவே கேள்.

கேட்டிலிருந்து ஏறினால் முதல் மூன்று அம்பும் பழையபடிதான். நம்பிக்கை வர வேண்டாமா! அப்புறம் மூங்கில் புதரில் ஒன்றைத் திருப்பினேன். என் சாமர்த்தியம் பிளவுப் பாறையில்தான். மலைக்குப் பின்னால் பஸ் ரோட்டிலிருந்து ஏறுகிற பாதையும் அங்கேதான் வந்து சேரும். அந்தப் பாறையில் அத்தான் உச்சியைக் காட்டிப் பெரிய அம்பு போட்டிருந்தார். அதை நான் குவாரிப் பக்கம் திருப்பிவிட்டேன். பழைய கல்குவாரி ஓரமாக ஒரு லாரிப் பாதை உண்டு, அது நேரே என் கேட்டுக்கு வரும். பின்பக்கம் நான் காவலே நிற்பதில்லை, பிளவுப் பாறை அம்பு எனக்குப் பதில் நிற்கிறது.

ஒரே ஒரு சங்கடம். போன வாரம் பெய்த மழையில் அந்த லாரிப் பாதை இடிந்து குவாரிக்குள் விழுந்துவிட்டது. பத்தடி நடந்தால் பாதை இல்லை, கீழே பாறைதான். பனியில் ஒன்றும் தெரியாது. அந்த அம்பை மட்டும் பழையபடி மாற்ற வேண்டும். பெயின்ட் தீர்ந்துவிட்டது, ஜீப்பில் சொல்லியிருக்கிறேன். இந்த மழையில் எந்தப் பைத்தியம் வரப்போகிறது?

வெயில் வந்ததும் செய்துவிடுகிறேன். நீ கதகதப்பாக இரு.

தம்பி


ஜூன் 29

தம்பிக்கு,

மழையில் உனக்கு ஜலதோஷம் பிடிக்காமல் இருக்கட்டும். இங்கே வெயில்தான்.

பஸ் விட்டுவிட்டார்கள். கடைகள் திறந்துவிட்டன. மலைப்பாதை மட்டும் இன்னும் திறக்கவில்லை என்று உன் அத்தான் தினமும் பேப்பரை மடித்து மேசையில் அடிக்கிறார். "நான் போட்ட பாதைய எனக்கே பூட்டுவாங்களாம்" என்கிறார். நேற்றிலிருந்து திடீரென்று உற்சாகமாக இருக்கிறார். பையைத் தேடினார், விசிலைத் தேடினார். ஷூவுக்கு எண்ணெய் போடச் சொன்னார். நன்றாகப் போட்டேன்.

மூடுபனியைப் பற்றி நேற்று பெருமையாகப் பேசிக்கொண்டிருந்தார். புதிதாக வருகிறவன் பனியில் தடுமாறி உட்கார்ந்துவிடுவானாம். அவர் அம்பை மட்டும் பார்த்து ஓட்டமாக நடப்பாராம். "ஆள் பொய் சொல்லுவான், மேப் பொய் சொல்லும், என் அம்பு பொய் சொல்லாது" என்றார். நான் தலையாட்டினேன்.

பிளவுப் பாறை அம்பை மாற்றிவிட்டாயா? சும்மாதான் கேட்கிறேன், அவசரமில்லை. மழையில் நனைந்துகொண்டு போகாதே. ஆனால் பதில் மட்டும் எழுது.

அக்கா


ஜூலை 9

அருமை அக்காவுக்கு,

நான் கல்லுக்குண்டு மாதிரி இருக்கிறேன். நீயும் அப்படியே இருப்பாய்.

உன் அக்கறையைப் பார். அம்பை இன்னும் மாற்றவில்லை. பெயின்ட் கேட்டால் ஜீப்காரன் சோப்பைக் கொண்டு வந்து இறக்குகிறான். அடுத்த வாரம் கட்டாயம் வருமாம். அதுவரை அங்கே குரங்குதான் போகும், குரங்குக்கு அம்பு படிக்கத் தெரியாது.

இன்று ஒரு ஜோடி நீல ஷூ கிடைத்தது, புத்தம் புதுசு, யாரோ காலேஜ் பெண். வெறுங்காலோடு போகும்போது என்னைத் திட்டிக்கொண்டே போனாள். அறை நிறைந்துவிட்டது.

அத்தான் உற்சாகமாக இருப்பது சந்தோஷம். அவர் முகம் மலர்ந்தால் உனக்கும் நிம்மதி.

தம்பி


ஜூலை 22

அக்கா,

உடம்பு, மனசு எதையும் விசாரிக்கிற நிலையில் நான் இல்லை. ரேஞ்சர் உனக்குத் தகவல் சொல்லியிருப்பார். நடந்ததை நான் சொல்கிறேன்.

அத்தான் பின்பக்கமாக வந்திருக்கிறார். நான் நிற்காத பக்கமாகப் பார்த்து வந்திருக்கிறார். காலையில் குவாரிப் பக்கம் விசில் சத்தம் கேட்டது. வேலி தாண்டினவன் எவனோ மாட்டிக்கொண்டான், ஊதட்டும், நன்றாக ஊதட்டும், புத்தி வரட்டும் என்று நான் டீ போட்டுக் குடித்தேன். அக்கா, மத்தியானம் வரைக்கும் ஊதினார். அப்புறம் சத்தம் நின்றுவிட்டது. நின்ற பிறகுதான் எனக்குப் பயம் வந்து போனேன். பாறைமேல் மல்லாந்து கிடந்தார். கண் திறந்திருந்தது. என்னைப் பார்த்து, "அம்பு இந்தப் பக்கம்தான் காட்டுச்சு" என்றார். அதையே ஜீப்பில் ஆஸ்பத்திரி வரைக்கும் சொல்லிக்கொண்டு வந்தார்.

ரேஞ்சர் வருவதற்குள் ஓடிப்போய் அந்த அம்பைச் சுரண்டிவிட்டேன். கையெல்லாம் ரத்தம். அத்தானுக்கு ஒன்றும் தெரியாது. நான்தான் கண்டெடுத்துக் காப்பாற்றினேன் என்று என் கையைப் பிடித்துக்கொண்டு அழுதார்.

அவர் வரப்போகிறார் என்று உனக்குத் தெரியுமா? தெரிந்திருந்தால் எனக்கு ஒரு வரி எழுதியிருக்கக் கூடாதா? அவரிடமாவது ஒரு வார்த்தை சொல்லியிருக்கக் கூடாதா? நான் உன்மேல் பழி போடவில்லை. எனக்குத் தலை வெடிக்கிறது, அதனால் கேட்கிறேன்.

அம்பு, விசில், எதையும் அவரிடம் சொல்லாதே. உன் காலில் விழுகிறேன்.

தம்பி


ஆகஸ்ட் 12

அன்புத் தம்பிக்கு,

கை ஆறியிருக்கும் என்று நினைக்கிறேன்.

உன் அத்தானை வீட்டுக்குக் கொண்டுவந்தாயிற்று. இடுப்புக்குக் கீழே உணர்ச்சி இல்லை, இனி வராது என்று டாக்டர் சொல்லிவிட்டார். சீக்கிரம் தூக்கியிருந்தால் ஒருவேளை என்று எதையோ ஆரம்பித்தார், நான் மேலே கேட்கவில்லை. கை, வாய், ஞாபகம் எல்லாம் நன்றாக இருக்கின்றன. ஒரு நாளில் பாதி நேரம் ஒரே கேள்விதான். "எவன் என் அம்பைத் திருப்பினான்?" போலீசில் எழுதிக் கொடுக்க வேண்டும் என்கிறார். அந்த ஆள் கிடைத்தால் கடைசி மூச்சு வரை விடமாட்டாராம்.

நீ கேட்டதற்குப் பதில் சொல்கிறேன். தெரியும். கிளம்புவதற்கு முந்தின நாள் அவர் என்னிடம், "உன் தம்பி எந்தப் பக்கம் நிப்பான்?" என்று கேட்டார். கேட் பக்கம்தான் நிற்பான், பின்பக்கம் யாரும் இல்லை என்று சொன்னேன். கேட்டதற்குப் பதில் சொல்லாவிட்டால் என்ன நடக்கும் என்பது உனக்குத் தெரியாது. அம்பைப் பற்றி அவர் கேட்கவில்லை. நீ சொல்லாதே என்று சத்தியம் வாங்கியிருந்தாய். சொல்லவில்லை.

உன் கடிதம் எனக்கு முன்தினமே வந்துவிட்டது, அம்பை மாற்றவில்லை என்று. காலையில் அவர் ஷூவுக்குள் கால் விடும்போது அது என் ஜாக்கெட்டுக்குள் இருந்தது. "தண்ணி பாட்டில்" என்றார், கொடுத்தேன். "கதவைச் சாத்திக்கோ" என்றார், சாத்திக்கொண்டேன். அப்புறம் ஹாலிலிருந்து சமையலறைக்கு நேராகப் போனேன். ஓர் எட்டுதான் தம்பி.

நான் அழவில்லை, அதையும் சொல்லிவிடுகிறேன்.

நல்ல காற்று வேண்டும் என்று டாக்டர் சொல்கிறார். மலைக்குக் கூட்டிட்டுப் போ என்று இவரும் சொல்கிறார். உன் உள் அறையைக் காலி செய். இரண்டு பேருக்கு ஜீப்பில் இடம் வேண்டும், ஒரு கையெழுத்துப் போட்டு அனுப்பு. இந்தத் தடவை உனக்குச் சிரமம் இருக்காது என்று நினைக்கிறேன்.

அக்கா


ஆகஸ்ட் 25

அக்காவுக்கு,

நலம்.

கையெழுத்துப் போட்டு இதோடு வைத்திருக்கிறேன். ரேஞ்சரிடம் பேசிவிட்டேன். ஷூக்களை ஒரு மூலையில் குவித்து அறையில் கட்டில் போட்டாயிற்று.

எத்தனை நாள் இருப்பீர்கள் என்று மட்டும் எழுது. வராதே என்று சொல்லவில்லை.

தம்பி


அக்டோபர் 4

அன்புத் தம்பிக்கு,

நீ கேட்டைத் திறக்கப் போயிருக்கிறாய். இத்தனை மாதத்துக்குப் பிறகு பாதை திறக்கிற நாள், உனக்கு ஏகப்பட்ட வேலை இருக்கும். அதனால் இதை டீத்தூள் டப்பாவுக்கு அடியில் வைக்கிறேன்.

நான் வீட்டுக்குப் போகிறேன். உன் அத்தான் இங்கேயே இருப்பார். அவருக்கும் அதுதான் ஆசை, நேற்று அவரே சொன்னார். "என் உசிரைக் காப்பாத்தினவன், அவன்கிட்டயே இருந்துடறேன்" என்றார். நீயும் பக்கத்தில்தான் இருந்தாய், தலையைக் குனிந்துகொண்டாய்.

விடிந்ததும் உடம்பு துடைக்க வேண்டும். மூத்திரப் பையை மாற்றுவதைப் பக்கத்தில் நிறுத்திச் சொல்லித் தந்திருக்கிறேன். பகலிலும் இரவிலும் பக்கம் மாற்றிப் படுக்க வைக்க வேண்டும், இல்லாவிட்டால் முதுகு புண்ணாகிவிடும். தானாக அவரால் திரும்ப முடியாது. சாப்பாடு சூடாக இல்லாவிட்டால் தட்டை எறிவார், குனிந்துகொள். கையில் வலு இருக்கிறது, பக்கத்தில் போகும்போது பார்த்துப் போ. கொஞ்சம் கோபக்காரர், மற்றபடி எப்படிப்பட்ட மனுஷன் என்பது உனக்கே தெரியும். அனுசரித்துப் போ.

அழிந்த அம்புகளை எல்லாம் உன்னை வைத்து மறுபடியும் போடப் போகிறாராம். ஜன்னலோரம் உட்கார்ந்து வழி சொல்வார், நீ வரைய வேண்டும். அப்போதும் கேட்பார், எவன் திருப்பினான் என்று. நான் சொல்லவில்லை, இனியும் சொல்ல மாட்டேன். சொல்லியே ஆக வேண்டும் என்ற நிலைமைக்கு என்னைக் கொண்டுவராதே. அவரை வேறு எங்காவது கொண்டுபோய் விடலாம் என்று தோன்றினால் இந்த வரியை மறுபடி படி.

வீட்டுத் தரையைச் சுரண்டிக் கழுவிவிட்டுத்தான் வந்தேன். மஞ்சள் போக இரண்டு நாள் ஆனது. சாவி என் இடுப்பில் இருக்கிறது. டெய்லரம்மா மாடிக்கு வந்து என்னோடு இருந்துகொள்கிறேன் என்கிறாள்.

ஜீப் வேண்டாம். பிளவுப் பாறை வழியாகப் பஸ் ரோட்டுக்கு நடந்தே இறங்குகிறேன். எங்கே திரும்பக்கூடாது என்று எனக்குத் தெரியும். உச்சிக்கும் ஒருமுறை ஏறிப் பார்த்துவிடுவேன், மெதுவாக.

செருப்போடு நடக்க முடியாது என்று உன் குவியலில் தேடினேன். அந்தக் காலேஜ் பெண்ணின் நீல ஷூ எனக்குச் சரியாக இருக்கிறது. உன் அத்தானின் ஷூவை நான் எடுத்து வந்திருந்தேன். அதைத் துடைத்து, எண்ணெய் போட்டு, கட்டிலுக்கு நேர் எதிரே, அவர் கண் படுகிற இடத்தில் வைத்திருக்கிறேன். அதை அங்கிருந்து எடுக்காதே. நாள் முழுக்கப் பார்த்துக்கொண்டிருக்க அவருக்கு ஏதாவது வேண்டும்.

அக்கா